‘சும்மா பேசிக்கொண்டே ஓடியதுதான், டாக்டர்’

கிருஷ்ணகிரியிலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பணியிடமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரும் 47 வயதான அவருடைய நண்பரும் இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் 12 முதல் 14 கி.மீ. வரை ஓடுகிறார்கள். பெங்களூருவில் நடக்கும் ஒரு 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பணமும் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் கடைசி ஞாயிறன்று, முந்தைய இரவு உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு முடிந்து படுக்க 1 மணி ஆகிவிட்டதாலும், சளிக்கு மாத்திரை போட்டிருந்ததாலும், இவர் தாமதமாக எழுந்தார். வழக்கமாக 6 மணிக்குக் கிளம்புகிறவர்கள் அன்று 7.30 மணிக்குத்தான் கிளம்பினார்கள். எப்போதும்போல ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் ஓடினார்கள். பத்தாவது கிலோமீட்டரைத் தாண்டியபோது, அந்த வெயிலிலும் கைகளில் மயிர் சிலிர்த்துக் குளிர்வதுபோல இருந்திருக்கிறது. நின்றவுடன் கண் இருட்டிப் புளியமரத்தடியில் சரிந்து, ஒருமுறை வாந்தியும் எடுத்திருக்கிறார். நண்பர் பக்கத்துக் கடையிலிருந்து தண்ணீர் வாங்கித் தலையில் ஊற்றி, ஒன்றரை லிட்டர் குடிக்கவும் வைத்தார். அரை மணி நேரத்தில் தெளிந்து, ஆட்டோவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே நெற்றியில் வெப்பநிலை பார்த்து ‘99தான்’ என்று சொல்லி, ஒரு பாட்டில் சலைன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மாலையில் உடம்புவலிக்காக இவராகவே டைக்ளோஃபெனாக் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு 5 கி.மீ. ஓடிப் பார்த்ததில் சீக்கிரமே மூச்சு வாங்கியிருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை: மழை வரும்வரை ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா? வேர்வை நன்றாகக் கொட்டியதால் இது ஹீட் ஸ்ட்ரோக் இல்லைதானே? குடித்த தண்ணீர் போதவில்லையா? ‘வெயிலில் ஓடினால்தான் உடம்பு பழகும்’ என்று நண்பர் சொல்வது சரியா? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அந்த நண்பருக்கும் இப்படி நேருமா? மனைவி ஓட்டமே வேண்டாம் என்கிறார். போட்டியும் அல்லாமல் சும்மா பேசிக்கொண்டே ஓடியதற்கு இவ்வளவு பயம் தேவையா?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எண்ணிட்டு எழுதியிருக்கும் கேள்விகளுக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சிரிப்போடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘மரத்தடியில் படுத்திருந்தபோது பைக் சாவி எங்கே என்று இரண்டு தடவை கேட்டேனாம், நாங்கள் பைக்கிலேயே போகவில்லை, இன்றுவரை இதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்.’ நான்கு பக்கங்களிலும் ஒரு மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் வரி இதுதான்.

வெயிலில் ஓடி நின்றவுடன் தலை சுற்றி விழுவது அடிக்கடி நடப்பது; பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. சட்டென்று நின்றால் அந்த உதவி நின்றுபோகிறது. வெப்பத்தைத் தணிக்க ஏற்கெனவே விரிந்திருக்கும் தோலின் இரத்தக் குழாய்களிலும் கால்களிலும் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆனால் அப்படி விழுந்தவருக்குக் கண்விழித்த பிறகு தாம் எங்கே இருக்கிறோம், எப்படி வந்தோம் என்பதில் குழப்பம் இருக்காது. உங்களுக்கு இருந்திருக்கிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும், அதாவது நாம் காய்ச்சலுக்குச் சொல்லும் கணக்கில் 104-ஐத் தாண்டுவதும், பேச்சிலோ நடத்தையிலோ தடுமாற்றம் தெரிவதும் சேர்ந்து வந்தால் அதைத்தான் உழைப்பினால் வரும் ஹீட் ஸ்ட்ரோக் என்கிறோம். உங்களிடம் இரண்டாவது இருந்தது. முதலாவதை யாரும் அளக்கவில்லை. நெற்றியில் வைக்கும் கருவி, வேர்வையில் நனைந்து காற்றுபட்ட தோலின் வெப்பத்தையே காட்டும். அதுவும் தலையில் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த 99 என்ற எண், மரத்தடியில் உங்கள் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லாது. ஆகவே அது ஹீட் ஸ்ட்ரோக்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதன் வாசலில் நின்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு நடப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

வேர்வை கொட்டியதைச் சாட்சியாக வைக்கிறீர்கள். வறண்ட, சூடான தோல் என்ற பாடம், வெயில் நாட்களில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஓடுகிறவர்களும் வயலிலோ கட்டட வேலையிலோ உழைக்கிறவர்களும் தொப்பலாக நனைந்த நிலையிலேயே ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுகிறார்கள். வெயிலில் மயிர் சிலிர்த்துக் குளிரெடுத்ததையும் லேசாக எண்ண வேண்டாம். அது ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லும் அறிகுறி.

முதலில் செய்ய வேண்டியது

இந்த வாரத்துக்குள் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். பைக் சாவிக் கதையைச் சிரிக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சோடியம் மற்றும் பொட்டாசியம், கல்லீரல் நொதிகள், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு ஈ.சி.ஜி. ஆகியவற்றை அவர் கேட்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் சி.பி.கே. இப்போது இயல்பாகவே இருக்கலாம். அதை வைத்து அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அன்று மாலையோ மறுநாளோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனதா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் போட்டதையும் மறைக்க வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். ஓடி முடித்த நாளில் வலித்தால் ஓய்வும் தண்ணீரும் உணவும் போதும். பாராசிட்டமால்கூட வெயிலால் ஏறிய சூட்டைத் தணிக்காது, ஏனென்றால் அது காய்ச்சல் ஏறும் வழியில்தான் வேலை செய்கிறது.

அந்த முடிவுகள் வரும்வரை நடை மட்டும் போதும். 5 கி.மீ.-க்கே மூச்சு வாங்கியது உடம்பு இன்னும் தேறவில்லை என்பதைக் காட்டலாம், இதயத்தைப் பார்க்கவும் சொல்லலாம். ஓடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது.

மெதுவான ஓட்டம் எப்போது மெதுவானது?

‘போட்டி ஓட்டம் அல்ல’ என்று கடிதத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நண்பரோடு ஞாயிறு காலையில் நிதானமாக ஓடுவது நல்ல பழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்களே தந்திருக்கும் எண்களைப் பாருங்கள். கைக்கடிகாரம் அன்று இதயத் துடிப்பு 174 என்று காட்டியிருக்கிறது. மார்கழியில் இதே வேகத்துக்கு 150 என்று எழுதியிருக்கிறீர்கள். வேகம் மாறவில்லை, உடம்புக்கு அது போட்டி ஓட்டமாக மாறிவிட்டது.

காரணம் எளிமையானது. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிவருகிறது. அதை வெளியேற்ற இதயம் தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. வேர்வையில் நீர் குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் இரத்தம் குறைந்து, துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. வேர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. சொட்டிக் கீழே விழும் வேர்வையால் பயனில்லை. எட்டரை மணிக்கு நம் பக்கத்தில் தார்ச்சாலையும் இரு புறமும் இருக்கும் பாறைக் குன்றுகளும் சூடேறத் தொடங்கிவிடுகின்றன. காற்றின் வெப்பநிலை 30-க்குள் இருந்தாலும், நேரடி வெயிலும் தரையின் சூடும் கணக்கில் சேரும். கைபேசியில் பார்க்கும் வெப்பநிலை நிழலில் அளந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எனவே வெயில் காலத்தில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற எண்ணை விட்டுவிடுங்கள். பேச்சை அளவாக வையுங்கள். முழு வாக்கியத்தை இடையில் மூச்சிழுக்காமல் சொல்ல முடிகிறதா என்பதே அளவு. இரண்டு மூன்று சொற்களாக உடைந்தால் நடக்கத் தொடங்குங்கள். அந்த வேகம் 7 நிமிடமானாலும் 8 நிமிடமானாலும் அன்றைக்குச் சரியான வேகம் அதுதான். ‘பேசிக்கொண்டே ஓடினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஏழாவது கிலோமீட்டருக்குப் பிறகு நண்பர்தான் பேசினார், நீங்கள் ‘ம்’ மட்டும் கொட்டினீர்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. இருவர் சேர்ந்து ஓடுவதன் மருத்துவப் பயன் இங்கேதான் இருக்கிறது: தன் தடுமாற்றம் தனக்குத் தெரியாது, பக்கத்தில் வருகிறவருக்குத் தெரியும். ஆகவே வேகத்தை முடிவு செய்யும் உரிமை எப்போதும் பின்தங்குகிறவருக்கே இருக்கட்டும்.

தண்ணீர் பற்றி

கிளம்பும் முன் 1 லிட்டர், வழியில் 2 லிட்டர், விழுந்த பிறகு ஒன்றரை லிட்டர் என்று கணக்குத் தந்திருக்கிறீர்கள். போதவில்லையா என்று கேட்கிறீர்கள். எனக்கு அது கூடுதல் என்று படுகிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் வராது என்பது பரவலான நம்பிக்கை. நீர் வற்றுவது ஆபத்தை ஏற்றும் என்பது உண்மை. ஆனால் உடம்பு உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கும்வரை, வயிறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் உள்வெப்பம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மறுபுறம், வேர்வையில் போனதைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். அன்றைய குழப்பத்தில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

ஓடுவதற்கு முன்னும் பின்னும், குறைந்த ஆடையுடன் வேர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் சுமார் ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தாகத்துக்கேற்ற வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால், உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்டிருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொன்னபடி 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் வரும் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வேர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். வீட்டுக்கு வந்தபின் உப்புப் போட்ட மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு குடித்தால், நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் சேர்கின்றன. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குத் தனி டப்பா எதுவும் தேவையில்லை.

வழியில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிக்கப் பயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லையும் எலும்பையும் கெடுப்பது. ஒரு காலையில் குடித்து ஒன்றும் ஆகாது. தலையில் ஊற்றுவதற்கு எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீரே.

நண்பர் சொல்வதும், நண்பரின் மாத்திரையும்

வெயிலுக்கு உடம்பு பழகும் என்று அவர் சொல்வதில் பாதி சரி. தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், மிதமான உழைப்போடு வெப்பத்தில் இருந்தால், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், துடிப்பும் தணியும். வாரம் முழுவதும் ஏ.சி. அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் 14 கி.மீ. ஓடுவதில் அந்தப் பழக்கம் ஏற்படாது. ஒவ்வொரு ஞாயிறும் பழகாத உடம்போடுதான் போகிறீர்கள். கொழுப்புக் கரையட்டும் என்று அவர் பிளாஸ்டிக் ஜெர்கின் அணிந்து ஓடுவதாகச் சொல்கிறீர்கள். அதில் குறைவது நீரின் எடை, மாலைக்குள் திரும்பிவிடும். வேர்வை காய வழியில்லாத அந்த உடையை அவர் இன்றே விட்டுவிட வேண்டும். இதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

அவர் சாப்பிடும் மாத்திரையில் டெல்மிசார்டனுடன் ஹைட்ரோகுளோரோதயசைடும் இருப்பதாக அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது, சிறுநீரில் உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. வெயிலில் நீர் வற்றும்போது முதலாவதும் சேர்ந்து இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். ஓடும் நாளில் தாமாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசமான யோசனை. ‘வெயில் காலத்தில் வாரந்தோறும் ஓடுகிறேன்’ என்று எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால், வேளையையோ மருந்தையோ மாற்றுவது பற்றி அவர் முடிவு செய்வார். ஓ.ஆர்.எஸ். கரைசலையும் அந்த மருத்துவரைக் கேட்டுவிட்டே நண்பர் குடிக்கட்டும். உங்கள் சளி மாத்திரையும் குற்றமற்றதல்ல: சளி மாத்திரைகளில் சேர்க்கப்படும் ஒவ்வாமைக்கான பழைய வகை மருந்துகள் சில, வேர்வையைக் குறைத்து மந்தத்தையும் தரும். தூக்கமின்மை, சளி, மாத்திரை, ஒன்றரை மணி நேரத் தாமதம் என்று நான்கும் ஒரே காலையில் சேர்ந்தன. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அன்று நடை மட்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ பேதியோ இருந்தால் அதுவும் வேண்டாம்.

மறுபடி ஒருவர் தடுமாறினால்

நண்பர் தலையில் தண்ணீர் ஊற்றியது மிகச் சரியான செயல். ஒருவேளை உங்களைக் காப்பாற்றியதே அதுதான். குழப்பத்தில் இருந்தவருக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கக் கொடுத்தது சரியல்ல, புரையேறும். இனி இப்படி நேர்ந்தால், நிழலில் படுக்க வைத்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், எப்படி வந்தோம் என்று கேட்க வேண்டும். விடை பிசகினால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நனைத்த துண்டுகளைத் தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் போட்டு, சூடானதும் மாற்ற வேண்டும். பக்கத்து மாந்தோப்பில் தண்ணீர்த் தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை இறக்குவது இன்னும் சிறந்தது. முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர்விக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் குறையின்றி மீள்கிறார்கள். அதனால் ஆட்டோவைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேட வேண்டும்.

இனி ஓடுவதா, வேண்டாமா?

பரிசோதனைகள் சரியாக இருந்து மருத்துவரும் சம்மதித்தால், மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் 20 முதல் 30 நிமிடம், நடையும் ஓட்டமும் மாறி மாறி, விடிகாலையில். அடுத்த வாரங்களில் நேரத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், வேகத்தைக் கடைசியில் தொடுங்கள். கத்திரி முடியும்வரை 5.15-க்குத் தொடங்கி 6.30-க்குள் முடித்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை மெதுவாகக் காயும். இருந்தும் வெயிலும் சுடும் தரையும் இல்லாததால் மாலை ஓட்டத்தைவிட மேல். இருட்டில் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். வேறு சாலையானாலும் ஒளிரும் மேலாடையோடு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடுங்கள். 7 கி.மீ. போனால் 7 கி.மீ. திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயமே பலரை நிற்கவிடாமல் செய்கிறது. மாவட்ட விளையாட்டு அரங்கத்திலோ, வீட்டைச் சுற்றி 2 கி.மீ. வட்டத்திலோ ஓடினால் எந்தச் சுற்றிலும் விலகிவிடலாம்; தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

பெங்களூரு நம் ஊரைவிட உயரமான இடம், காலையில் குளிர்ச்சியும் கூடுதல். அங்கே 10 கி.மீ. ஓடும் தகுதியை ஞாயிற்று வெயிலில் தேட வேண்டியதில்லை, வாரத்தில் நான்கு விடிகாலைகள் போதும். போட்டி நாள் அடுத்த ஆறு வாரங்களுக்குள் வருவதாக இருந்தால், கட்டிய பணத்தைப் பார்க்காமல் இந்த முறை விட்டுவிடுங்கள். மனைவி வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பைக் சாவி விஷயம் அவருக்குத் தெரியாது என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. அதையும் பரிசோதனை முடிவுகளையும் அவர் முன் வைத்த பிறகு, மூவருமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். நண்பரையும் அந்த நாளில் வரச் சொல்லுங்கள், ஜெர்கின் இல்லாமல்.